ஃபாரஸ்ட் கேட்டில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தேன்

லண்டனில் நான் முதன்முதலாக வாய்பிளந்து நின்றது அரண்மனை வாசலில் அல்ல, என் தங்கை கணவருடைய மளிகைக் கடையில், ஒரு கட்டு முருங்கைக்காயின் முன்னால். உறையூரில் கொல்லையில் கேட்பாரற்றுத் தொங்குகிற சாமான் இங்கே பிளாஸ்டிக் உறைக்குள் படுத்துக்கொண்டு, விமானத்தில் வந்த கௌரவத்தோடு என்னைப் பார்த்தது. நானும் விமானத்தில்தான் வந்திருந்தேன். ஆனால் எனக்குக் கால் வீங்கியிருந்தது, அதற்கு வாட்டமே இல்லை.

தங்கை கமலாவுக்கு எட்டாவது மாதம். டாக்டர் எழுந்து நடமாடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா உயிரோடு இல்லை. ஆகவே உறையூரில் பதினான்கு மெஷின்களோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் நான், நாற்பத்தாறு வயதில், மாணவிகளை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடல் தாண்டினேன். எண்பத்தெட்டாம் வருடம், அக்டோபர் மாதம்.

மாப்பிள்ளை சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். திருச்சிக்குப் படிக்க வந்தவர், படிப்போடு கமலாவையும் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் நிலைமை கெட்டபிறகு லண்டன் வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் இந்தக் கடையைப் பிடித்தார். கீழே கடை, அதற்கு மேலே வீடு, வீட்டுக்கும் மேலே சரிந்த கூரையோடு ஓர் அறை.

"அந்த மேல் அறையை ஒரு பொடியனுக்கு வாடகைக்குக் குடுத்திருக்கிறன் அக்கா," என்றார் மாப்பிள்ளை. "கானா நாட்டுக்காரன். பேர் யாவ். கம்ப்யூட்டர் கம்பெனி துடங்கியிருக்கிறான்."

"கம்பெனின்னா எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"இப்போதைக்கு அவன் ஒராள்தான்."

மறுநாள் காலையில் அந்தக் கம்பெனி முழுவதையும் மாடிப்படியில் சந்தித்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நெடுநெடுவென்ற உயரம், இஸ்திரி போட்ட சட்டை. கையில் சாம்பல் நிறத்தில் கைப்பிடி வைத்த பெரிய பெட்டி. குறுகலான படியில் அது சுவரில் இடித்துக்கொண்டே வந்தது. தையல் மெஷினா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. பெட்டியைப் படியிலேயே வைத்து, ஒரு பக்க மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினான். மூடியே தட்டச்சுப் பலகையாக இருந்தது. உள்ளே உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய திரை, அதன் பக்கத்தில் இரண்டு வாய்கள். (அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.)

"இதுதான் கம்ப்யூட்டர், ஆன்ட்டி. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். தோள்பட்டை கழன்றுவிடும், அவ்வளவுதான்."

நான் திரையைப் பார்க்கவில்லை, எழுத்துகளைப் பார்த்தேன். இடது கைச் சுண்டுவிரலிலிருந்து வலது கைச் சுண்டுவிரல் வரை, இருபத்திரண்டு வருடமாக நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே வரிசை. இவ்வளவு தூரம் வந்து தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த மாதிரி இருந்தது. தட்டிக் காட்டு என்றேன். காட்டினான். இரண்டே இரண்டு ஆள்காட்டி விரல்களால், கோழி தவிடு பொறுக்குகிற மாதிரி. இன்ஸ்டிட்யூட்டாக இருந்திருந்தால் ஸ்கேலை எடுத்திருப்பேன்.

அன்று பிற்பகல் தேநீர் கொடுக்கக் கூப்பிட்டபோது அவன் கதையைக் கேட்டேன். கானாவில் குமாசி என்ற ஊர். அப்பாவுக்கு மரக்கடை. படிக்க வந்தவன் படிப்பு முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு பெட்டி நிறையத் துணியும் மருந்தும் கப்பலில் அனுப்பினான். அந்தப் பெட்டி வேறு கப்பலில் ஏறி, வேறு துறைமுகத்தில் இறங்கி, நான்கு மாதம் கழித்து வீடு வந்தது. லண்டனில் இருக்கிற ஆப்பிரிக்கர்கள் எல்லோரும் ஊருக்குப் பெட்டியும் பீப்பாயும் அனுப்புகிறவர்கள். அனுப்பித் தரும் அலுவலகங்கள் எல்லாமே கணக்கை அட்டையில் எழுதி டப்பாவில் போட்டு வைப்பவை. ஓர் அட்டை விழுந்தால் ஒரு பெட்டி தொலைந்தது. யார் பெட்டி எந்தக் கப்பலில் இருக்கிறது என்று நொடியில் சொல்லும் ஒரு புரோகிராமை யாவ் எழுதினான். பதினொரு மாதம், மாலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை, பகலில் இது.

"இரண்டு அலுவலகங்கள் வாசலோடு அனுப்பிவிட்டன. மூன்றாவதாக கேனிங் டவுனில் ஒரு அம்மா பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம், பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்கு மறுநாள் ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் தங்களுடையதைக் காட்ட வருகிறார்கள். அதனால் எனக்கு அந்த ஒரு பிற்பகல்தான்."

"அந்தம்மா வேண்டாம்னு சொல்லிட்டா?"

"அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்பாவுக்கு ஒரு வருடம் என்று வாக்குக் கொடுத்தேன். வருடம் முடியப் போகிறது. மரக்கடையில் எனக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்."

அவன் இதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. புலம்பல் இல்லை, ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொன்னான். போகும்போது கீழே கடையிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "ஓம் அண்ணை, வாறன்," என்று அவன் யாழ்ப்பாணத் தமிழிலேயே பதில் சொன்னதைக் கேட்டு எனக்கு ஒரு நிமிடம் தலை சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னை ஆர்ச்வேயில் இருக்கிற முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனார். பூமிக்குள் இறங்கும் நகரும் படியைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெருமாளே என்று கால் வைத்தேன். முருகன் கோயிலுக்குப் போகும்போது பெருமாளைக் கூப்பிட்டதற்கு மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் ஐம்பது பேர் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு நின்றார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊர் ரயிலில் அந்த நேரத்துக்குள் இரண்டு கல்யாணம் பேசி முடித்திருப்பார்கள்.

கோயில் மேட்டின் மேல் இருந்தது. வெளியே குளிர் காதைக் கடித்தது. உள்ளே போனால் கற்பூரமும் நெய்யும் ஈரக் கம்பளிக் கோட்டும் சேர்ந்து ஒரு வாசனை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் சிநேகிதியிடம், "ஷிப்ட் முடிஞ்சு நேரை வாறன், சாமியைப் பாத்திட்டுப் போய்ப் படுக்க வேணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கால் கடுக்க வேலை செய்துவிட்டு மேடேறி வந்திருக்கிறாள். என்னுடைய பக்தியெல்லாம் தெருக்கோடிப் பிள்ளையார் அளவுக்குத்தான் என்று அவளைப் பார்த்ததும் தோன்றியது. சரஸ்வதி பூஜைக்காகச் சந்தனமும் குங்குமமும் அங்கேதான் வாங்கினேன்.

திங்கட்கிழமை யாவ் ஒரு தட்டில் ஏதோ மூடிக்கொண்டு வந்தான். கடையில் மாப்பிள்ளையிடமே வாங்கிய பழுத்த வாழைக்காயைத் துண்டு போட்டு, இஞ்சியும் மிளகாயும் பிரட்டி, எண்ணெயில் பொரித்திருந்தான். நான் சைவம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தது. முதலில் இனிப்பு, பிறகு உப்பு, பிறகு காரம் உச்சந்தலைக்கு ஏறியது. நாலு துண்டு தின்றேன். கமலா படுக்கையிலிருந்தபடியே மிச்சத்தைத் தின்றுவிட்டுத் தட்டை வழித்தாள்.

தட்டைக் கழுவிக் கொடுக்கும்போதுதான் பூஜையைப் பற்றிச் சொன்னேன். வருடத்தில் ஒரு நாள், எதை வைத்துப் பிழைக்கிறோமோ அதைக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துப் பூப் போட்டுக் கும்பிடுவோம். அன்று முழுக்க அதைத் தொட மாட்டோம். மறுநாள் விஜயதசமியன்று எடுத்துத் தொடங்கினால் வருடம் முழுக்க நன்றாக நடக்கும். என் இன்ஸ்டிட்யூட்டில் பதினான்கு மெஷின்களுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சரஸ்வதி பூஜை நாளில்கூட மெஷினில் ஒரு எழுத்துச் சாவியைத் தொட்டதில்லை.

யாவ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். "எந்த நாள் பூஜை?" என்றான். சொன்னேன். "அந்த நாள்தான் நான் கேனிங் டவுன் போகிறேன். என் மெஷினையும் உங்கள் பூஜையில் சேர்த்துக்கொள்வீர்களா, ஆன்ட்டி? காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இப்போது யார் வேண்டிக்கொண்டாலும் நல்லது."

பூஜை நாளில் எடுக்கக் கூடாதே என்று எனக்கு ஒரு கணம் உறுத்தியது. அவனுக்கு நம் சட்டம் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டு சரி என்றேன். பூஜைக்கு முதல் நாள் மாலை வேலைக்குப் போகும் வழியில் மெஷினையும் கூடவே ஒரு பிளாஸ்டிக் பெட்டியையும் எங்கள் முன்னறையில் வைத்துவிட்டுப் போனான்.

காலையில் குளித்து, ஆறு மணிக்குப் பூஜையை ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் தராசு, கல்லாப்பெட்டிச் சாவி, கமலாவின் ஊசிநூல் டப்பா, எல்லாவற்றுக்கும் பொட்டு. யாவின் மெஷினை ஈரத்துணியால் துடைத்து நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். லட்சணமாக இருந்தது. பிறகு பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்தேன். காகித உறைக்குள் எட்டுக் கறுப்புச் சதுரங்கள். பிளாப்பி என்று அதற்குப் பெயர் என்பது பின்னால் தெரிந்தது. அட்டையைவிட மெல்லிசு. நடுவில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குக் கீழே நீள்வட்டமாக ஒரு திறப்பு, திறப்புக்குள் பழுப்பாக ஏதோ பளபளத்தது. பொட்டு வைப்பதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, அந்தத் திறப்பின் நடுவில் சந்தனம் இட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. பிள்ளை பதினொரு மாதம் பாடுபட்டவனாயிற்றே என்று கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

எட்டரை மணிக்கு யாவ் கோட்டும் டையுமாக வந்தான். மெஷினில் பொட்டைப் பார்த்துச் சிரித்தான். பெட்டியைப் பார்த்தான், சிரிப்பு நின்றது. ஒரு பிளாப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். இன்னொன்றை எடுத்தான். எட்டையும் எடுத்துப் பார்த்தான்.

"ஆன்ட்டி, எல்லாவற்றுக்குமா?"

"ஆமா. எல்லாத்துக்கும்." அப்போதும் எனக்குப் பெருமைதான்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்தப் பழுப்புத் தகட்டில்தான் புரோகிராம் முழுவதும் எழுதியிருக்கிறது, மெஷினுக்குள் எதுவும் இல்லை, ஒரு கைரேகை பட்டாலே கெட்டுவிடும் என்று மெதுவாகச் சொன்னான். நாலு அசல், நாலு நகல். ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் நகல் எடுத்து வைத்திருந்தான். அசலுக்கும் நகலுக்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை.

ஒரு பிள்ளையின் பிழைப்பை, அதுவும் சாமி பேரால், அதுவும் என் கையாலேயே அழித்துவிட்டேன். மாப்பிள்ளை கீழேயிருந்து ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "நீங்கள் அழாதேங்கோ அக்கா. யாவ், வேற வழி இல்லையோ?" என்று இரண்டு பேரிடமும் தமிழிலேயே கேட்டார்.

யாவ் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையை மடித்தான். "எனக்கு ஒரு பிளேடும், இந்த வீட்டிலேயே மெல்லிசான துணியும் வேண்டும்," என்றான்.

வீட்டிலேயே மெல்லிசான துணி, பிறக்கப் போகும் குழந்தைக்காகக் கமலா வாங்கி மடித்து வைத்திருந்தது. அவளே எடுத்துக் கொடுத்தாள். அதன்பிறகு நான் பார்த்ததை இன்றும் யாரிடமாவது சொன்னால் நம்புவதில்லை. யாவ் பிளாப்பியின் ஓர் ஓரத்தைப் பிளேடால் கீறினான். உள்ளேயிருந்து போட்டோ பிலிம் மாதிரி ஒரு வட்டத்தை ஓரம் பிடித்து உருவினான். குழாயடியில் கொண்டுபோய்த் தண்ணீரில் கழுவினான். கம்ப்யூட்டரின் மூளையைத் தக்காளி கழுவுகிற தொட்டியில் கழுவினான். துணியில் ஒற்றி எடுத்தான். தன் அறையிலிருந்து கொண்டுவந்த புதிய பிளாப்பி ஒன்றை அதேபோல் கீறி, அதன் உறைக்குள் இந்த வட்டத்தை நுழைத்து, மெஷினின் வாயில் கொடுத்தான். மெஷின் கரகரத்தது. யோசித்தது. பிறகு திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. அவன் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். பெரிய கோபுரங்களையெல்லாம் பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி பிரமிப்பு எனக்கு எங்கேயும் வந்ததில்லை.

எட்டில் ஐந்து பிழைத்தன. மூன்று செத்துவிட்டன. செத்ததில் நாலாவது பிளாப்பியின் அசலும் நகலும் இருந்தன. எந்தக் கப்பலில் யார் யார் பெட்டி என்று பட்டியல் போடுகிற பகுதி அதில்தான் இருந்தது. அது இல்லாமல் போய் நின்றால் காட்ட ஒன்றுமில்லை.

"காகிதத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன்," என்று மேல் அறையிலிருந்து ஒரு கட்டு கொண்டுவந்தான். இரண்டு ஓரத்திலும் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக நீளும் தாள். பதினேழு பக்கம். உட்கார்ந்து இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தான். மணி ஒன்பதரை. அந்த வேகத்தில் அவன் முடிக்கும்போது மறுநாள் விடிந்திருக்கும்.

நான் வெகுநேரம் யோசித்தேன் என்று பெருமைக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பூஜைத் தட்டைப் பார்த்து, தாயே, இருபத்திரண்டு வருடத்துக்கு இது ஒன்றைக் கழித்துக்கொள் என்று சொன்னேன். மெஷின் மேலிருந்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"எந்திரிப்பா," என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவன் எழுந்துவிட்டான்.

நான் அடித்தது என்ன என்று எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. எங்கள் தொழிலில் அது நல்லது. எழுத்தை மட்டும் பார், அர்த்தத்தைப் பார்க்காதே என்பதுதான் நான் முதல் நாளே பெண்களுக்குச் சொல்வது. அர்த்தத்தைப் பார்த்தால் கை தடுமாறும். அடைப்புக்குறி, அரைப்புள்ளி, விட்ட இடம், உள்தள்ளிய இடம் எல்லாம் தாளில் இருந்தபடி விழுந்தன. யாவ் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்கள் கீழே பார்க்கவே இல்லையே," என்றான். பார்த்தால் நான் டீச்சர் இல்லை என்றேன். பன்னிரண்டரை மணிக்கு முடித்துவிட்டுக் கையை உதறினேன்.

அவன் ஒரு சாவியைத் தட்டினான். மெஷின் ஒரு பிழை சொன்னது. இன்னொன்று சொன்னது. திரை நிறையப் பிழை. இன்ஸ்டிட்யூட் ஆரம்பித்த நாளிலிருந்து என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை. யாவ் திரைக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தான், பிறகு அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான்.

"ஆன்ட்டி, நீங்கள் ஒன்று என்ற எண்ணுக்கு எந்தச் சாவியை அடித்தீர்கள்?"

காட்டினேன். சின்ன எல். எங்கள் பழைய மெஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிச் சாவியே கிடையாது, அந்த எல் எழுத்தைத்தான் அடிப்போம், தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இந்த மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது. பதினேழு பக்கத்திலும் ஒன்று வருகிற இடமெல்லாம் அவன் பென்சிலால் கோடு போட்டுச் சொல்லச் சொல்ல, நான் தேடித் திருத்தினேன். ஒன்றேகாலுக்கு மறுபடி சாவியைத் தட்டினான். மெஷின் சும்மா இருந்தது. பிறகு கப்பல், பெட்டி, பெயர் என்று மூன்று வரிசை திரையில் வந்து நின்றது. அது நான் அடித்த பகுதி.

"நீங்களும் வாருங்கள்," என்றான். "நான் பேசும்போது யாராவது தட்ட வேண்டும். என் தட்டலைப் பார்த்தால் அந்த அம்மா தூங்கிவிடுவார்." மாப்பிள்ளை உடனே, "போட்டு வாங்கோ அக்கா, கமலாவை நான் பாக்கிறன்," என்றார். அவருடைய வேன் அன்று ரிப்பேரில் கிடந்தது. பஸ்ஸில் ஏறினோம்.

பாதி வழியில் பஸ் நின்றது. டிரைவர் எழுந்து, இந்த வண்டி இதற்கு மேல் போகாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பயணிகள் எல்லோரும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வரிசையாக இறங்கினார்கள். திருச்சியாக இருந்தால் அரைமணி நேரம் நியாயம் கேட்டிருப்போம். பஸ் போயிருக்காது என்றாலும் மனசாவது ஆறியிருக்கும். அடுத்த பஸ் கண்ணுக்கெட்டிய தூரம் காணோம். மணி இரண்டேகால்.

யாவ் பெட்டியை வலது கையில் தூக்கினான், இடது கைக்கு மாற்றினான். நூறு அடிக்கு ஒரு தடவை கீழே வைத்தான். இப்படிப் போனால் நாலு மணியாகும். நான் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளி மஃப்ளரைக் கழற்றி, சும்மாடாகச் சுற்றி நீட்டினேன். தலையில் சுமை தூக்குகிறவர்கள் அடியில் வைத்துக்கொள்ளும் துணி வளையம். அவன் அதைப் பார்த்த பார்வையிலேயே அது அவனுக்கும் தெரிந்த சாமான் என்று புரிந்தது.

"எங்கள் ஊர்ச் சந்தையில் என் அக்காமார் இப்படித்தான் சுற்றுவார்கள்," என்றான். தெருவை ஒரு தடவை பார்த்தான், தன் டையைப் பார்த்தான். பிறகு குனிந்து, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

அந்தப் பக்கத்தில் பழைய கிடங்குகளை இடித்துப் புதுக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். வானம் முழுக்கக் கிரேன்கள். அதன் கீழே, கோட்டும் டையும் போட்ட பையன் ஒருவன் தலையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கையை வீசி நடக்கிறான். பின்னால் பட்டுப்புடவைக்கு மேல் மாப்பிள்ளையின் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு நான் ஓட்டமும் நடையுமாகப் போகிறேன். மழைத் தூறல் வந்ததும் குடையை எக்கி அவன் தலைக்கு மேல் பிடித்தேன். அவனுக்காக அல்ல, மெஷினுக்காக. சாரத்தில் நின்ற வேலைக்காரர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்று மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்றோம்.

அலுவலகத்துச் சொந்தக்காரி மிஸஸ் ஹார்டன். அறுபது வயதிருக்கும், வெள்ளைக்கார அம்மா, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். சுவர் முழுக்கச் செருப்பு வாங்கின அட்டைப்பெட்டிகள், அதற்குள் அட்டைகள். மூலையில் இரண்டு பெண்கள் எங்களை விரோதிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். யாவ் மெஷினை இணைத்துப் பேச ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். ஆனால் அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன் மெஷின் கெட்டிக்கார மெஷினாகவே இருக்கட்டும்," என்றார். "என் பெண்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. நாளைக்கு வரப்போகிறவர்கள் ஆறு மாதப் பயிற்சி வேண்டும் என்கிறார்கள். நீ எவ்வளவு கேட்கப் போகிறாய்?"

யாவ் என் பக்கம் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்கார்ந்தேன். மூலையிலிருந்த பெண்களில் ஒருத்தி ஒரு பெட்டி அட்டைகளை என் முன் வைத்தாள். முதல் அட்டையைப் பார்த்து அடித்தேன், பிறகு அடுத்தது. பெயர், ஊர், கப்பல். அக்ரா, லேகோஸ், மொம்பாசா. ஒன்று என்ற எண் வந்தபோதெல்லாம் சரியான சாவியைத் தேடிப் போனேன். நாற்பது அட்டை முடித்தபோது அந்த இரண்டு பெண்களும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

"வரும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் என்ன என்ன போகிறது?" என்றார் மிஸஸ் ஹார்டன்.

அது நான் அடித்த பதினேழு பக்கம் செய்ய வேண்டிய வேலை. சாவியைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பதினோரு பெயர்கள் வரிசையாக நின்றன. மிஸஸ் ஹார்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நீங்கள் எவ்வளவு காலமாகக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறீர்கள்?"

பொய் சொல்ல எனக்கு வராது. "இன்றைக்குக் காலை ஒன்பதரை மணியிலிருந்து," என்றேன் என் இங்கிலீஷில்.

அவர் என்னைப் பார்த்தார், யாவைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் திரும்பி, "நாளைக்கு வருகிறவர்களுக்குப் போன் பண்ணி, வர வேண்டாம் என்று சொல்லிவிடு," என்றார்.

திரும்பும்போது பஸ் ஒழுங்காக ஓடியது. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு யாவ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"உன் பிழைப்பையே கெடுத்தேனே. ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை?"

"எனக்கு எட்டு வயதில் அப்பா ஒரு ரேடியோ வாங்கினார்," என்றான். "எங்கள் தெருவுக்கே முதல் ரேடியோ. அம்மா பாதிரியாரிடம் ஜெபம் பண்ணின எண்ணெயை வாங்கி வந்து அதன் மேல் ஊற்றினார். நன்றாகப் பாடட்டும் என்று. கொஞ்சமாக இல்லை, ஆன்ட்டி, உங்களை மாதிரியே தாராளமாக. அதோடு ரேடியோ ஊமையாகிவிட்டது. அப்பா வீட்டுக்கு வருவதற்குள் துடைக்க வேண்டும் என்று நான் அதைத் திறந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன்."

"மறுபடி பாடிச்சா?"

"பாடியது. அம்மா எண்ணெயால்தான் பாடியது என்று இன்றுவரை சொல்கிறார். நானும் இல்லை என்று சொன்னதில்லை."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த துரை பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜைக்கு விளக்கேற்றிவிட்டு, செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றேன். கதவு தட்டும் சத்தம். யாவ் குளித்து முழுகி நின்றான், கையில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. இனி அதன் பக்கமே போகக் கூடாது என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"இன்றைக்குத்தானே தொடங்க வேண்டும் என்று சொன்னீர்கள்," என்று பெட்டியை நீட்டினான். மூடியை டேப் போட்டு நாலு பக்கமும் ஒட்டியிருந்தான். மூடியின் மேல், வலது மூலையில், பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது.

"இங்கே, ஆன்ட்டி," என்றான்.